ஊர் ஊராகப் போகும் கச்சேரிக் குழுவில் சவுண்ட் வேலைக்குச் சேர்பவருக்கு

மெல்லிசைக் கச்சேரிகளுக்கு சவுண்ட் போடும் குழுவில் சேர வரும் இளைஞர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து கட்டுப்படுத்தும் மிக்ஸரைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி, எத்தனை சேனல், எப்போது தொட விடுவீர்கள் என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் மேடையில் பாட்டு ஓடுவது மூன்று மணி நேரம் என்றால், ஏற்றுவதும் இறக்குவதும் இழுப்பதும் கட்டுவதும் கழற்றுவதும் அடுத்த ஊருக்குப் போவதுமாக அதற்கு முன்னும் பின்னும் இருபது மணி நேரம் இருக்கிறது. அதில் தேறியவரைத்தான் எந்த ஆபரேட்டரும் மிக்ஸர் பக்கம் அழைப்பார். இங்கே நான் சொல்லப்போவது அந்த இருபது மணி நேரத்தைப் பற்றி, அதிலும் கழற்றும் வேலையைப் பற்றிச் சற்றுக் கூடுதலாக. இன்றிரவு பரமக்குடியில் கேபிளை எப்படிச் சுற்றி எந்தப் பெட்டியில் வைத்தோம் என்பதைப் பொறுத்தே நாளை மதியம் திசையன்விளையில் ஒவ்வொரு மைக்கும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் லைன் செக் ஒரு மணி நேரத்தில் முடியுமா, நான்கு மணி நேரம் இழுக்குமா என்பது இருக்கிறது.

சேரும் முன் பேசிவிட வேண்டியவை

இந்தத் தொழிலுக்குப் பருவம் உண்டு. தை பிறந்ததும் பொங்கல் விழாக்களில் தொடங்கி, பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, தென் மாவட்டங்களின் அம்மன் கோயில் கொடைகள், ஆடி மாதம், பிறகு மாதா கோயில் திருவிழாக்கள் என்று ஆவணி வரை வேலை இருக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பிடித்துக்கொண்டால் பெட்டிகள் குடோனிலேயே கிடக்கும். ஆகவே சித்திரையில் கைக்கு வரும் பணத்தை மாதச் சம்பளம் என்று கணக்கிட்டு பைக்குக் கடன் வாங்குபவர், கார்த்திகையில் தவணை கட்ட முடியாமல் அந்த பைக்கை ஒளித்து வைக்க நேரும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் குடோனுக்குப் பின்னால் அப்படி ஒரு பைக் ஒரு மாதம் நின்றது.

கூலி ஷோ கணக்கா, நாள் கணக்கா என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஷோ கணக்கு என்றால் பயணத்திலேயே போகும் நாளுக்கு என்ன தருவார்கள், பேட்டா தனியா, சாப்பாடு விழாக் கமிட்டியுடையதா நம்முடையதா, ஸ்பீக்கர் பாக்ஸ் ஏற்றும்போது கால் நசுங்கினால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பவற்றையும் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, மழையால் நிகழ்ச்சி நின்றுபோனால் கூலி உண்டா என்பது. நான் முதலில் சேர்ந்த குழுவில் இதைக் கேட்கவில்லை. மேடை கட்டி, எல்லாம் இழுத்து முடித்த பின் மாலை ஆறு மணிக்கு மழை கொட்டி நிகழ்ச்சி ரத்தானது. நனைந்த கேபிளையெல்லாம் விடியும் வரை துடைத்துச் சுற்றினேன். கடைசியில், ஷோ நடக்கவில்லையே தம்பி, எதற்குக் காசு என்றார்கள். லாரியிலிருந்து பெட்டி இறங்கிவிட்டால் அது ஒரு ஷோ என்று கணக்கு வைத்திருக்கும் குழுக்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட குழுவைத் தேடிச் சேருங்கள்.

தோளில் மாட்டும் பை

மேடையில் ஆள் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதால் கறுப்புச் சட்டை, கறுப்பு பேண்ட் வழக்கமாகிவிட்டது. அது பருத்தியாக இருக்கட்டும். மே மாத வெயிலில் பாலியெஸ்டர் உடுத்தி, லைட்டும் பாக்ஸும் தொங்கவிடும் உலோகச் சட்டமான டிரஸ் மேல் ஏறியவர் மறுமுறை உடுத்த மாட்டார். செருப்போடு வேலைக்கு வரக் கூடாது. முன்பக்கம் கனமான ஷூ, தோல் கையுறை, தலையில் மாட்டும் டார்ச், மல்டிமீட்டர், டெஸ்டர், சின்னக் கத்தி, இரண்டு மூன்று நிறங்களில் இன்சுலேஷன் டேப், மார்க்கர் பேனா, காதடைப்பான், ஒரு லுங்கி, ஒரு துண்டு, கொசுவத்தி. இவ்வளவு போதும். ஆதார் நகல் ஒன்று பையில் இருந்தால், விடுதியில் அறை எடுக்கும்போது அத்தனை பேரும் உங்களுக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை.

லாரியில் ஏற்றும் முறை

ஏற்றுவதற்கு விதி ஒன்றுதான்: இறங்கியதும் முதலில் எது வேண்டுமோ அது கடைசியில் ஏற வேண்டும். இது எல்லோருக்கும் புரிகிறது, ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு யாருக்கும் நினைவிருப்பதில்லை. கைக்கு எது கிடைக்கிறதோ அதை ஏற்றி, இடம் இருக்கும் இடத்தில் சொருகிவிட்டுப் படுத்துக்கொள்ளத் தோன்றும். மறுநாள் ஊருக்குப் போய்ப் பார்த்தால் மின்சாரப் பெட்டி கேபினை ஒட்டி உள்ளே இருக்கும். அதை எடுக்க லாரி முழுவதையும் இறக்க வேண்டும். எல்லாவற்றையும் இறக்கி வெயிலில் வைத்த பிறகுதான் ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுக்க முடியும்.

எங்கள் வரிசையைச் சொல்கிறேன். கேபினை ஒட்டி ஆம்பிளிஃபயர் ரேக்குகள் நிற்கும், ஏனென்றால் கனமான பெட்டி முன்னால் இருந்தால் பின்பக்கம் துள்ளாது. அதற்கு அடுத்துத் தரையில் அடித்தொனிக்கான சப்-ஊஃபர்கள், அவற்றின் மேல் கம்பளி விரித்து, மேடையில் கலைஞர்களுக்குக் கேட்பதற்கான மானிட்டர் பாக்ஸ்கள். பிறகு மிக்ஸர் பெட்டி. இதை எப்போதும் படுக்கை வசத்திலேயே, மேலே எதுவும் ஏற்றாமல் வைக்க வேண்டும். அடுத்து மைக் ஸ்டாண்டுகள், மைக் பெட்டி, கேபிள் பெட்டிகள். அவற்றுக்குப் பின், ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கவிடும் லைன் அரே பாக்ஸ்களும் அவற்றைத் தூக்கும் செயின் ஹாய்ஸ்டுகளும். கடைசியாகக் கதவருகே மின்சாரப் பெட்டி, கனத்த பவர் கேபிள்கள், எர்த் கம்பி, சுத்தியல், தார்ப்பாய். தார்ப்பாய் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்க வேண்டியதன் காரணத்தை, இறக்கிக்கொண்டிருக்கும்போது முதல் துளி விழுந்தால் புரிந்துகொள்வீர்கள்.

ஒவ்வொரு வரிசைக்கும் குறுக்கே ஒரு பெல்ட் போட்டு இறுக்குங்கள். சக்கரம் வைத்த பெட்டிகளின் பிரேக்கை நம்பாதீர்கள். நான்கு வழிச் சாலையில் டிரைவர் ஒருமுறை அழுத்தி பிரேக் போட்டால் முந்நூறு கிலோ ரேக் எங்கு போக விரும்புகிறதோ அங்கு போகும். அதே காரணத்தால் பெட்டிகளுக்கு நடுவே ஆள் படுத்துக்கொண்டு பயணம் செய்யக் கூடாது. சிக்கனம் பார்த்து அப்படி அனுப்பும் குழுவில் வேலை செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. நின்றிருக்கும் லாரிக்கு அடியில் நிழலுக்காகப் படுப்பதும் அப்படித்தான். நீங்கள் அங்கே படுத்திருப்பது டிரைவருக்குத் தெரியாது.

டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். நாம் கழற்றி ஏற்றும் நேரத்தில் அவர் தூங்கியிருக்க வேண்டும். ஆள் குறைகிறது, ஒரு கை பிடியுங்கள் அண்ணே என்று அவரை பாக்ஸ் தூக்கக் கூப்பிடுவது, விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் நம் எல்லோருடைய உயிரையும் அவருடைய கண் இமையில் தொங்கவிடுவதாகும்.

மின்சாரம்

புதியவர் பொறுமையாகக் கற்க வேண்டிய பாடம் இது. பெரிய அரங்குகளில் நிலையான இணைப்பு இருக்கும். ஊர்த் திருவிழாக்களில் ஜெனரேட்டரோ, பக்கத்துக் கம்பத்திலிருந்து எடுத்த தற்காலிக இணைப்போதான். எது கொடுத்தாலும், யார் கொடுத்தாலும், அவர் எத்தனை வருடம் அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியனாக இருந்தாலும், நம் பெட்டியில் மாட்டும் முன் மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஸ்விட்ச் போடக் கூடாது.

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மூன்று பேஸ் இணைப்பில் ஏதேனும் ஒரு பேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (அது திரும்பும் கம்பி) இடையே 220 முதல் 240 வோல்ட் வரை காட்ட வேண்டும். இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மூன்று பேஸையும் தனித்தனியாகப் பாருங்கள். பார்த்த பிறகு நியூட்ரல் முனையைக் கையால் அசைத்துப் பாருங்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான். போல்ட் இறுகியிருக்கிறதா, கேபிள் முனையில் லக் என்ற உலோக முனை அழுத்திப் பொருத்தியிருக்கிறதா, அல்லது வெறும் செப்புக் கம்பியை முறுக்கிச் சொருகியிருக்கிறார்களா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

நியூட்ரலில் இவ்வளவு கவனம் ஏன் என்பதற்கு எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு கொடை விழா. மாலை ஆறரை மணி, கீபோர்டு கலைஞர்கள் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் மின்சாரப் பெட்டி அருகே உட்கார்ந்திருக்கிறேன். மேடையின் இடப்பக்கச் சீரியல் விளக்குகள் திடீரென்று பளிச்சென்று கூடுதலாக எரிந்தன. அதே நேரத்தில் வலப்பக்கம் மங்கியது. அழகாக இருக்கிறதே என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தேன். மிக்ஸரிலிருந்த மூத்தவர் ஐம்பது மீட்டர் தள்ளியிருந்து, "டேய் தம்பி, மெயினை இறக்குடா!" என்று அலறினார். இறக்கினேன். அதற்குள் இரண்டு கீபோர்டு அடாப்டர்களும் ஒரு ஒயர்லெஸ் ரிசீவரும் புகைந்துவிட்டன. ஜெனரேட்டர் முனையில் நியூட்ரல் போல்ட் தளர்ந்து விலகியிருந்தது. நியூட்ரல் அறுந்தால் பேஸ்களில் மாட்டியிருக்கும் கருவிகள் தமக்குள் தொடராகிவிடுகின்றன. அதிகச் சுமை உள்ள பேஸில் வோல்ட்டேஜ் இறங்கி, குறைந்த சுமை உள்ள பேஸில் 400 வரைகூட ஏறக்கூடும். ஒரு பக்கம் பிரகாசமும் மறுபக்கம் மங்கலும் சேர்ந்து தெரிந்தால் யோசிக்கவே கூடாது, மெயினை இறக்க வேண்டும். அன்று நிகழ்ச்சி இரண்டு மணி நேரம் தாமதமானது. அந்தக் கீபோர்டுக்காரர் சங்கரன்கோவில் வரை என்னிடம் பேசவில்லை.

லைட்டுக்கு ஒரு பேஸ், சவுண்டுக்கு ஒரு பேஸ் என்று பிரிப்பது நல்ல பழக்கம். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் விளக்குகளும் ஆம்பிளிஃபயரும் ஒரே பேஸைப் பகிர்ந்தால் ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு வந்துகொண்டே இருக்கும். மேடையிலிருக்கும் கருவிகளுக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுத்தால் 'ஹம்' என்ற இரைச்சல் பெரும்பாலும் வராது. வந்தால், பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் கெட்ட வழக்கம் ஒன்று இருக்கிறது. ஹம் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் பழுதான ஆம்பிளிஃபயரிலிருந்து பேஸ் மின்சாரம் கிடாரின் இரும்புத் தந்திக்கு வந்தால், கிடார்க்காரரின் உதடு மைக்கில் பட்டதும் அவர் உடல் வழியாக அது எர்த்துக்குப் போகும். ஹம்மை நீக்க, கருவியை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில், சிக்னல் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறது, சிக்னலைப் பிரிக்க டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. எர்த் பின்னில் கை வைக்காதீர்கள்.

ஜெனரேட்டருக்கு அருகே எர்த் கம்பியை ஈர மண்ணில் ஆழமாக அடித்து, சுற்றிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மதியத்தில் ஊற்றியது மாலைக்குள் காய்ந்துவிடும்; நிகழ்ச்சிக்கு முன் இன்னொரு குடம். பவர் கேபிளையும் மைக் கேபிளையும் ஒன்றாகக் கட்டி இழுக்காதீர்கள். குறுக்கே கடந்தே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஸ்விட்ச் போடும்போது மிக்ஸர் முதலில், ஆம்பிளிஃபயர் கடைசியில். நிறுத்தும்போது ஆம்பிளிஃபயர் முதலில். இதை மாற்றிச் செய்தவரை 'டப்' என்ற சத்தம் ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

காற்றும் மழையும்

டிரஸ் மேல் ஏறுபவர் இடுப்பிலும் தோளிலும் மாட்டும் முழு பெல்ட் இல்லாமல் ஏறக் கூடாது. ஸ்பானர் கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். தொங்கும் ஒவ்வொரு லைட்டுக்கும் பாக்ஸுக்கும் கிளாம்ப் தவிர ஒரு இரும்புக் கயிறு தனியாக இருக்க வேண்டும். செயின் ஹாய்ஸ்ட் தூக்கும்போது கீழே ஒருவரும் நிற்கக் கூடாது, முக்கியஸ்தராக இருந்தாலும் சரி.

காற்று கிளம்பினால் நிகழ்ச்சியை நிறுத்துவது யார் என்பது காற்று வரும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவில் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், பாட்டு தொடங்கவிருந்த நேரத்தில் பலத்த காற்றில் மேடையின் கூரை ரசிகர்கள் மேல் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். புயல் வருவது தெரிந்தே இருந்தது. யார் நிறுத்தச் சொல்வது என்பதில் தெளிவில்லாமல் நேரம் போயிற்று என்பதை அதன் பின் வந்த விசாரணைகள் சுட்டிக்காட்டின. நம் ஊரில் இந்த இடத்தில் கமிட்டித் தலைவர், ஒப்பந்தக்காரர், பாடகரின் மேனேஜர் என்று மூன்று பேர் இருப்பார்கள். மூவரும் இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்பார்கள். மேடைப் பொறுப்பாளர் கையை உயர்த்தினால் பாக்ஸ்களை இறக்குவோம், விவாதம் பிறகு என்று காலையிலேயே அவர்களிடம் பேசிவிடுவது நல்லது. மேடையைச் சுற்றிக் கட்டும் பிளெக்ஸ் பேனர்கள் பாய்மரம் போலக் காற்றை வாங்கும் என்பதால் முதலில் அறுத்துவிட வேண்டியவை அவைதாம். ஸ்பான்சர் பெயர் போட்ட பேனரை அறுத்ததற்காக இதுவரை என்னை யாரும் சிறையில் போடவில்லை.

லைன் செக், சவுண்ட் செக்

இரண்டும் ஒன்றல்ல. லைன் செக் நம்முடையது. கலைஞர்கள் வரும் முன் ஒவ்வொரு மைக்கும் அதற்குரிய சேனலில் வருகிறதா என்று பார்ப்பது. சவுண்ட் செக் அவர்களுடையது. கலைஞர் வந்து நின்ற பிறகு மூன்றாம் எண் கேபிளைத் தேடிக்கொண்டிருந்தால் நாம் அவருடைய நேரத்தைத் தின்கிறோம்.

இதற்குச் சேனல் பட்டியல் உயிர்நாடி. டிரம்ஸுக்கு எட்டு, தபலாவுக்கு இரண்டு, டோலக்குக்கு இரண்டு, கீபோர்டுகளுக்கு நான்கு, கிடார், பேஸ் கிடார், புல்லாங்குழல், பாடகர்கள், தொகுப்பாளர் என்று 32 சேனல் சாதாரணமாக நிரம்பிவிடும். பட்டியலில் உள்ள எண்ணே கேபிளின் இரு முனைகளிலும், மேடைக் கேபிள்கள் வந்து சேரும் ஸ்டேஜ் பாக்ஸிலும், மிக்ஸர் டேப்பிலும் இருக்க வேண்டும். சேனல் பட்டியல் ஊருக்கு ஊர் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று புல்லாங்குழல் இல்லை என்றால் அந்த எண் காலியாக இருக்கட்டும், மற்றவற்றை நகர்த்த வேண்டாம்.

மைக் எங்கே நிற்கிறது, மானிட்டர் எங்கே படுத்திருக்கிறது என்பதில் மேடை உதவியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷ்யூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக் தன் நேர் பின்பக்கத்தில் மிகக் குறைவாகக் கேட்கும். எனவே மானிட்டர் மைக்குக்கு நேர் பின்னால் இருக்கலாம். பீட்டா 58 போன்ற சூப்பர் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால் கொஞ்சம் காது உண்டு. அது குறைவாகக் கேட்பது பின்பக்கத்தின் இரு ஓரங்களில். ஆகவே அதற்கு இரண்டு மானிட்டர்களைச் சாய்வாக இருபுறமும் வைக்க வேண்டும். பாடகர் மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் கெட்டு மைக் கூவும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பது தனிக் கலை. அண்ணே, கொஞ்சம் கீழே பிடித்தால் உங்கள் குரல் இன்னும் தெளிவாக விழுகிறது என்று சொன்னால் எல்லோரும் கேட்கிறார்கள்.

கூட்டம் நீளமாக உட்காரும் மைதானத்தில் நடுவே இன்னொரு ஸ்பீக்கர் கோபுரம் வைத்தால், அதற்கு டிலே கொடுக்க வேண்டும், அதாவது மேடையின் ஒலி அங்கு வந்து சேரும் வரை அதன் ஒலியைத் தாமதப்படுத்த வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 70 மீட்டரில் கோபுரம் நின்றால் 200 மில்லி செகண்டு. கோபுரம் இருக்கும் தூரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் டேப் பிடித்து அளந்து ஆபரேட்டரிடம் சொல்லும் உதவியாளரை அவர் மறக்க மாட்டார். மாலையில் காலி மைதானத்தில் பளிச்சென்று கேட்ட கூர்மை, ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்த பிறகு அமுங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உடம்பும் துணியும் உச்சச் சுருதிகளை உறிஞ்சிவிடுகின்றன. சவுண்ட் செக்கில் கொஞ்சம் எரிச்சலாக இருந்ததே என்று யாராவது சொன்னால் உடனே எல்லாவற்றையும் குறைத்துவிட வேண்டியதில்லை.

இரவு பத்து மணிக் கணக்கை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலாச்சார நிகழ்ச்சிகளுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். கமிட்டிக்காரர் அனுமதி வாங்கியாச்சு என்று வாயால் சொல்வது போதாது. அனுமதிக் கடிதத்தின் நகல் மிக்ஸர் மேசையில் இருக்க வேண்டும். போலீஸ்காரர் வந்தால் பிடித்துக்கொண்டு போவது கமிட்டித் தலைவரை அல்ல, ஆம்பிளிஃபயரை.

உடம்பு

சாப்பாட்டை நேரத்தோடு சாப்பிடுவது இந்த வேலையில் நடக்காது. கிடைக்கும்போது அளவாகச் சாப்பிடுவதே நடைமுறை. டிரஸ் ஏறும் முன் கமிட்டி தரும் பிரியாணியை வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். வெயிலில் வேலை என்றால் மோரும் உப்பும் சேரட்டும். எந்த ஊர்த் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும் என்ற வீரம் மூன்றாவது ஊரில் காணாமல் போகும்; கழிப்பறை இல்லாத மைதானத்தில் வயிறு கெட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

தூக்கத்தைத் துண்டு துண்டாகச் சேர்க்கப் பழகுங்கள். லைன் செக் முடிந்து கலைஞர்கள் வரும் வரை ஒன்றரை மணி நேரம் இருக்கும். அப்போது போனைப் பார்க்காமல், லுங்கியை முகத்தில் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னால் படுப்பவர் இரவு இரண்டு மணிக்குக் கேபிளை ஒழுங்காகச் சுற்றுவார்.

காதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கில் 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம். மூன்று டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். டிரம்ஸுக்குப் பக்கத்திலோ சப்-ஊஃபருக்கு முன்னாலோ மூன்று மணி நேரம் நிற்பவருக்கு ரப்பர் காதடைப்பான் அலங்காரமல்ல. நிகழ்ச்சி முடிந்தும் காதில் 'ங்ஙொய்' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அன்று அளவு மீறிவிட்டது என்று பொருள். கேட்கும் திறன் போனால் திரும்ப வராது.

வெளிநாட்டுப் பயணம் வந்தால் சுருக்கமாக இரண்டு விஷயங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இலங்கைக்கும் கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் உண்டு. இந்தியாவில் அதை ஃபிக்கி வழங்குகிறது, ஓராண்டு வரை செல்லும். அதில் ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் எடையும் மதிப்பும் எழுதியிருக்கும். போனது எல்லாம் திரும்ப வந்தாக வேண்டும் என்பதால், அங்கே யாரோ கேட்டார் என்று ஒரு மைக்கைக் கொடுத்துவிட்டு வர முடியாது. இன்னொன்று, லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்குகளையும் கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-அவருக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

கழற்றும் நேரம்

கடைசிப் பாட்டு முடிந்து, நன்றியுரை ஓடும்போதே அவசரக்காரர்கள் கேபிளைப் பிடுங்கத் தொடங்குவார்கள். ஆம்பிளிஃபயர் நிறுத்தப்பட்டது என்று மிக்ஸரிலிருந்து குரல் வரும் வரை எதையும் தொடாதீர்கள். முதலில் மைக்குகள். அவை சிறியவை, விலை உயர்ந்தவை, மேடையில் அப்போது செல்ஃபி எடுக்க ஏறுபவர்கள் அதிகம். ஒருவர் மைக் பெட்டியை எடுத்துக்கொண்டு சேனல் எண் வரிசைப்படியே போய் ஒவ்வொன்றையும் அதன் குழியில் வைத்து, குழி எல்லாம் நிரம்பிய பிறகே மூட வேண்டும். காலிக் குழி தெரிந்தால் அங்கேயே நின்று தேடுங்கள். அடுத்த ஊரில் தேடிக் கிடைக்காது.

அடுத்து கேபிள். முழங்கைக்கும் கட்டை விரலுக்கும் இடையே கயிறு போல் சுற்றுவது எலெக்ட்ரிக் கடைப் பழக்கம். மைக் கேபிளை அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறி, சில மாதங்களில் உள்ளே இருக்கும் மெல்லிய இழைகள் அறுந்து சொடக்குச் சத்தம் வரத் தொடங்கும். சரியான முறையில் ஒரு சுற்றை உள்ளங்கை மேலாக நேராக வைத்து, அடுத்த சுற்றை மணிக்கட்டைத் திருப்பி எதிர்த் திசையில் உள்ளே மடித்து, மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒன்றின் முறுக்கை மற்றொன்று கழிக்கும். மறுநாள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுருளை எறிந்தால் முடிச்சு விழாமல் நேராக ஓடும். கை பழகப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் மூத்தவர்கள் திட்டுவார்கள். என்னைத் திட்டியவர், நான் சுற்றிய சுருளைக் கையில் வாங்கி, ஒன்றும் பேசாமல் மேடை முழுக்க அவிழ்த்து எறிந்துவிட்டு, "மறுபடி சுத்துடா" என்றார். நள்ளிரவு ஒன்றரை மணி, 40 கேபிள்.

சுருளை வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். இன்சுலேஷன் டேப்பால் கட்டினால் வெயிலில் பசை உருகிக் கையெல்லாம் பிசுக்காகும், அதில் மண் ஒட்டும். எங்களிடம் ஐந்து மீட்டருக்கு மஞ்சள், பத்துக்குப் பச்சை, இருபதுக்குச் சிவப்பு என்று முனையில் நிறம் இருக்கிறது. நீளத்துக்கு ஒரு பெட்டி. ஈரமானதைத் துடைத்து உலர்ந்த பெட்டியில் போடுங்கள், நேரமில்லை என்றால் அதைத் தனிப் பையில் போட்டுப் பையின் மேல் ஈரம் என்று எழுதுங்கள். வேலை செய்யாத கேபிளை ஒருபோதும் நல்ல கேபிளோடு சேர்த்துப் போடக் கூடாது. பழுதான முனையில் சிவப்பு டேப்பைச் சுற்றி, என்ன பழுது என்று மார்க்கரில் எழுதுங்கள். 11ஆம் எண், மேடை முனை, அசைத்தால் போகிறது. அவ்வளவு எழுதியிருந்தால் மறுநாள் காலை ஓட்டல் திண்ணையில் சால்டரிங் இரும்பைச் சூடாக்கி ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். எழுதாமல் விட்டால் அதே கேபிள் திசையன்விளையில் பாடகி பல்லவி எடுக்கும்போது மறுபடி போகும்.

பிறகு பாக்ஸ்கள் இறங்கி, ரேக்குகள் உருண்டு, முன்பு சொன்ன வரிசையில் லாரி நிரம்பும். பவர் கேபிளை ஜெனரேட்டர் நின்ற பிறகே, ஜெனரேட்டர் முனையிலிருந்து கழற்றிக்கொண்டு வரவும். எர்த் கம்பியை மறந்துவிட்டு வருவது எல்லாக் குழுவிலும் நடக்கிறது. அதைப் பிடுங்கும் பொறுப்பை ஒருவர் பெயருக்கு எழுதிவிடுங்கள்.

லாரிக் கதவு மூடும் முன் ஒருவர் பெட்டிகளை எண்ண வேண்டும், இன்னொருவர் தலை டார்ச்சோடு மைதானத்தை ஒரு சுற்று வர வேண்டும். மேடைக்கு அடியில், டிலே கோபுரம் நின்ற இடத்தில், மிக்ஸர் மேசைக்குப் பின்னால், ஸ்பீக்கருக்கு ஆப்பு வைத்த கட்டைகள் கிடக்கும் இடத்தில் எல்லாம் பார்க்க வேண்டும். நான் அப்படி ஒரு சுற்றில் கண்டெடுத்தவை ஒரு டிஐ பாக்ஸ், இரண்டு மைக் கிளிப், யாரோ ஒரு குழந்தையின் கொலுசு. கொலுசைக் கோயில் பூசாரியிடம் கொடுத்துவிட்டு வந்தபோது டிரைவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். "எத்தனை பெட்டி தம்பி?" என்று கேட்டார். 46 என்றேன். வரும்போதும் அதே எண்தான் அவர் நோட்டில் எழுதியிருந்தார். சங்கிலியை மாட்டிப் பூட்டினோம்.